தானமா, கைமாற்றா? யூத மரபின் இரு வழிகள்

ஏழைக்குக் கொடுப்பதைக் குறிக்கும் ‘செதாக்கா’ என்னும் எபிரேயச் சொல் நீதி என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஆகவே யூத மரபில் கொடுப்பது இரக்கத்தின்பாற்பட்ட விருப்பமன்று, கடமை. அதை எவ்வாறு செய்வது என்பதை 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத தானம் இரண்டாவது படி. நொடித்துப்போகும் நிலையில் உள்ளவரைக் கொடையாலோ கடனாலோ கூட்டுத்தொழிலாலோ வேலையாலோ தாங்கிப் பிடிப்பது முதற்படி.

முதற்படியின் இன்றைய வடிவம் ‘கெமாஹ்’ எனப்படும் வட்டியில்லாக் கடன் நிதி. நம் கைமாற்றை ஒரு நிறுவனமாக்கினால் எப்படியிருக்குமோ அப்படி. 1892 முதல் நியூயார்க்கிலும், 1990 முதல் ஜெருசலேமிலும் இத்தகைய சங்கங்கள் இயங்கிவருகின்றன. திரும்பிவரும் பணமே அடுத்தவருக்குக் கடனாகிறது. வாங்கியவரும் இரந்தவராகாமல் கடனாளியாகவே நிமிர்ந்து நிற்கிறார். ஆனால் இத்தகைய கடனுக்குப் பெரும்பாலும் பிணையாளர் வேண்டும். பிணை நிற்க ஆளில்லாதவரே மிகவும் வறியவர் என்பதால், தரவரிசையில் உயர்ந்த வழி அவரை எட்டுவதில்லை.

ஊரார் சேர்த்து ஏழைகளுக்குப் பங்கிடும் பொது நிதிக்கு அந்தக் குறை இல்லை. பழைய ஊர்களில் இருவர் வசூலித்து, மூவர் பங்கிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாரத்துக்கானதைக் கொடுத்தார்கள். உடை கேட்பவரை விசாரிக்கலாம், உணவு கேட்பவரை விசாரிக்கக் கூடாது என்ற கருத்துக்கே யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத்தில் வலுவான சான்று உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நிறுத்தும் இக்கால நிவாரணத் திட்டங்களுக்கு இது நேரான கண்டனம்.

மூன்றாவதாக இன்று இணையத்தில் நடக்கும் நிதிதிரட்டலைச் சொல்ல வேண்டும். வேகத்தில் அதற்கு ஈடில்லை. எனினும் நோயாளியின் படத்தையும் குடும்பத்தின் கடன்கணக்கையும் ஊரறியப் பரப்பித்தான் அது பணம் சேர்க்கிறது. தினமும் 4 சூஸ் காசை ஏழையின் கதவிடுக்கில் வைத்துவந்த மார் உக்வா என்ற அறிஞர், கொடுப்பவர் யாரென்று பார்க்க அந்த ஏழை வெளியே வந்தபோது, மனைவியோடு ஓடிச் சூடான அடுப்புக்குள் ஒளிந்துகொண்டார் என்கிறது தால்முத். அந்த அளவுகோலால் அளந்தால் இம்முறையைக் கடைசியில்தான் வைப்பேன்.

முதலிரண்டில் எது என்பதை வீட்டு அடுப்பே தீர்மானிக்கட்டும்: கைத்தொழிலும் இந்த மாதச் சாப்பாடும் இருப்பவருக்குக் கடன், இந்த வாரமே அடுப்பு எரியாதவருக்குப் பொது நிதி. தானத்தை வாங்க மறுக்கும் ஏழைக்கோ, அதைப் பரிசு என்றோ கடன் என்றோ சொல்லித் தந்திரமாகக் கொடுத்துவிடும்படி மைமோனிடிஸே விதித்திருக்கிறார்.