முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு கவனத்தை எங்கே வைப்பது?

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் முதல் முப்பதைப் பெரும்பாலும் கால்களின் பயிற்சியே கடத்திவிடும். தசைகளில் சேமித்த மாவுச்சத்து எரிபொருளான கிளைகோஜன் வற்றத் தொடங்கும் கடைசிப் பன்னிரண்டில்தான் மன உறுதி என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. ஆனால் அதைப் பிறவிக் குணமாகவே பேசிப் பழகிவிட்டதால், எப்படி வளர்ப்பது என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. நடைமுறையில் ஓட்டக்காரர்கள் கையாளும் வழிகள் மூன்று: கவனத்தை உடலைவிட்டு வெளியே திருப்புவது, உடலுக்குள்ளேயே நிறுத்துவது, தனக்குத்தானே பேசுவது. மூன்றும் ஒரே தரத்தவை அல்ல என்பது என் உறுதியான கருத்து.

முதல் வழியே எல்லோருக்கும் எளிதில் வருவது. காதில் இசையை மாட்டிக்கொள்கிறோம், உடன் ஓடுபவரோடு பேசுகிறோம், வழியில் உள்ள மரங்களை எண்ணுகிறோம். மெதுவான, நடுத்தர வேகத்தில் இசை களைப்புணர்வைக் குறைக்கிறது என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. வேகம் கூடக்கூட மூச்சும் தசையும் எழுப்பும் குரல் இசையை அமுக்கிவிடுகிறது; அதனால் மிகவும் தேவைப்படும் கட்டத்தில்தான் இவ்வழி கைவிடுகிறது. போட்டிக்களத்தில் பரிசுக்காக ஓடுபவர்கள் இசைக்கருவி வைத்திருப்பதை உலகத் தடகள விதிகளும் ஏற்பதில்லை. சென்னையைப் போன்ற கடலோர நகரங்களில் இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: புழுக்கத்தில் தலைசுற்றலும் குளிர் நடுக்கமும் வெப்பத் தாக்கின் முன்னறிவிப்பாக வரும்போது, கவனத்தை வேறெங்கோ அனுப்பிவிட்டவர் அதைத் தாமதமாகவே உணர்வார்.

இரண்டாவது வழிக்கு நல்ல வரலாறு இருக்கிறது. 1977இல் வில்லியம் மார்கனும் மைக்கேல் பொல்லாக்கும் வெளியிட்ட ஆய்வில், முன்னணி மாரத்தான் வீரர்கள் மூச்சையும் கால்களின் இறுக்கத்தையும் தொடர்ந்து கவனித்து அதற்கேற்ப வேகத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்றும், மற்றவர்கள் வலியை மறக்க மனத்தை வேறிடம் அனுப்பினார்கள் என்றும் தெரியவந்தது. உள்கவனம்தான் அவர்களை முன்னணி வீரர்களாக்கியது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. வேகமாக ஓடும்போது உடலே கவனத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. அதோடு எல்லா உள்கவனமும் ஒன்றல்ல. வலியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வலிதான் பெரிதாகும்; தோள் இறுகியிருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று சோதித்துத் திருத்துபவருக்குக் கையில் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. 2003இல் லண்டனில் 2:15:25 நேரத்தில் பெண்கள் மாரத்தான் உலகச் சாதனை படைத்த பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப், நூறு வரை மூன்று முறை எண்ணினால் ஏறத்தாழ ஒரு மைல் கடந்துவிடும் என்ற கணக்கில் ஓடினார். அவருடைய எண்ணிக்கை காலடியோடு கட்டுண்டது என்பதால், மனத்தை நிரப்பியபடியே வேகத்தையும் காக்கும். முதல் இரண்டு வழிகளும் சந்திக்கும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாவது வழியைப் பலர் வெற்று உற்சாகப் பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். அது பெரிய இழப்பு. 2009இல் சாமுவேலே மார்கோராவும் உடன் ஆய்ந்தவர்களும் 16 பேரைத் தொண்ணூறு நிமிடம் கணினி முன் மூளைக் களைப்பூட்டும் வேலையில் அமர்த்திவிட்டு மிதிவண்டிச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அந்த வேலை இல்லாத நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கியவர்கள், அதற்குப் பின் 640 விநாடியிலேயே நிறுத்தினார்கள். இதயமும் நுரையீரலும் தளர்ந்ததற்கான அடையாளம் இல்லை. வேலை கடினமாக இருக்கிறது என்ற உணர்வு மட்டும் தொடக்கத்திலிருந்தே உயர்ந்திருந்தது. அப்படியானால் நிற்கும் முடிவில் அந்த உணர்வுக்குப் பெரும்பங்கு உண்டு. மார்கோராவும் பங்கேற்ற 2014ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு வாரம் தாமே தேர்ந்தெடுத்த சொற்றொடர்களைச் சொல்லிப் பழகியவர்கள் சுமார் 18 சதவீதம் கூடுதல் நேரம் தாங்கினார்கள். ஆய்வுக்கூட மிதிவண்டியில் கிடைத்த எண் சாலையில் அப்படியே கிடைக்காதுதான். ஆனால் காசோ கருவியோ கேட்காத வேறெந்தப் பயிற்சி இவ்வளவு தருகிறது? "தோளை இறக்கு", "அடுத்த தண்ணீர்ப் பந்தல் வரை" என்பவை போன்ற குறுகிய, ஏவும் சொற்களை நான் விரும்புகிறேன். "நான் வெல்வேன்" என்பது 35ஆவது கிலோமீட்டரில் மனத்துக்கே நம்பும்படி இருப்பதில்லை.

எந்த வழியானாலும், உடலின் எச்சரிக்கையை மீறுவதை உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஸ்விட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெப்பத்தால் தள்ளாடியபடி கடைசி 400 மீட்டரைக் கடக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்த காட்சியை இன்றும் வீரத்தின் உருவமாகக் காட்டுகிறார்கள். அவருக்கு இன்னும் வியர்க்கிறது, அதாவது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது என்பதை மருத்துவர்கள் கவனித்ததால்தான் தொடர விட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்பவர் குறைவு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், அதற்கு முன் இருமுறை ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் வென்ற கென்யாவின் எலியுட் கிப்சோகே முப்பது கிலோமீட்டரைக் கடந்தபின் வலியால் விலகினார். அதற்காக அவருடைய மன உறுதியை யாரும் ஐயுற முடியாது.

ஊக்கத்தைப் பொறுத்தவரை நேர இலக்கையும், மூச்சைச் சீராக வைப்பது போன்ற செயல் இலக்கையும் ஒப்பிட்டால், பயிற்சி மாதங்களுக்கு முன்னதும் பந்தயத்தின் பிற்பாதிக்குப் பின்னதும் பொருந்தும். நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பதே ஒரே இலக்கு என்றால், அது கைநழுவியது தெரிந்த கணமே ஓட ஒரு காரணமும் மிஞ்சாது. விடியலுக்கு முன் எழ வைப்பதற்கோ உடன் ஓடும் குழுவுக்கு இணை இல்லை.

ஆகவே ஞாயிறு நீளோட்டத்தின் முதல் மூன்றில் இரண்டு பங்கைக் குழுவோடு பேசியபடியோ இசையோடோ ஓடலாம். கடைசிப் பங்கைக் காதில் எதுவும் இல்லாமல், தனியாக, மூச்சைக் கவனித்தபடி, தேர்ந்த இரண்டு சொற்றொடர்களோடு ஓட வேண்டும். அவற்றைப் பந்தய வாரத்தில் மாற்றக் கூடாது. முந்தைய நாளின் அலுவலக வேலை மூளையை வறட்டியிருந்தால், வழக்கமான வேகமும் அன்று கடினமாகவே தோன்றும். அதை உடல் தளர்ச்சியாகக் கணக்கிட்டு மனம் சோர வேண்டியதில்லை.