பிரிட்ஜ் தடுப்பாட்டம்: பழைய குறிப்பு முறையா, தலைகீழ் முறையா?

டர்பனில் துனி என்ற சீட்டாட்டத்தை ஆடிப் பழகிப் பின்னர் பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு வரும் நம்மவர்கள், தடுப்பாட்டத்தில், அதாவது ஏலம் எடுத்த எதிரணி சொன்ன பிடிகளை எடுக்கவிடாமல் தடுக்கும்போது, போடும் சீட்டாலேயே கூட்டாளிக்குச் செய்தி சொல்ல எந்தக் குறிப்பு முறையை வைத்துக்கொள்வது என்று தயங்குகிறார்கள். பழைய முறையில் பெரிய சீட்டு "இந்த இனம் வேண்டும்" என்றும் சிறிய சீட்டு "வேண்டாம்" என்றும் பொருள்படும். தலைகீழ் முறையில் இவை இடம் மாறுகின்றன.

செலவு: பழைய முறைக்கே அதிகம். எதிராளி துருப்பில்லா ஆட்டம் ஆடுகையில், ஸ்பேடில் ஏஸ், ராணி, பத்து, இரண்டு ஆகியவற்றை வைத்திருக்கும் நீங்கள், அவர் இறக்கிய இனம் கையில் இல்லாததால் எதையாவது கழிக்க வேண்டும் என்று கொள்வோம். பழைய முறைப்படி ஸ்பேடைக் கேட்பதற்குப் பத்தைக் கழிக்க வேண்டும். அந்தப் பத்தே பின்னால் ஒரு பிடியாகியிருக்கக்கூடும். தலைகீழ் முறையில் இரண்டைக் கழித்தால் போதும். வேண்டாத இனத்தில் பெரிய சீட்டு போவது பெரும்பாலும் நட்டமில்லை, ஏனெனில் அங்கே காக்க வேண்டியது குறைவு.

எளிமை: பழைய முறையே முந்துகிறது. துனியில் ஏஸைவிட உயர்ந்த ஜாக்கியும் ஒன்பதும் பிரிட்ஜில் தாழ்ந்துவிடுவதைப் பழகிக்கொள்வதே புதியவர்களுக்குப் பெரும்பாடு; அதோடு குறிப்பையும் தலைகீழாக்கினால் குழப்பம் கூடும்.

தெளிவு: இரண்டும் ஒன்றுதான். ஐந்து, ஆறு போன்ற நடுச் சீட்டுகளின் பொருள், டம்மியை (ஏலம் எடுத்தவரின் கூட்டாளி மேசையில் விரித்துவைக்கும் கையை) பார்த்துக் காணாத சீட்டுகளைக் கணக்கிட்டால்தான் விளங்கும். எந்த முறையையும் எதிராளிகளிடம் மறைக்க விதி இடம் தராது.

அடிக்கடி கூட்டாளி மாறுபவர்களுக்குப் பழைய முறை போதும். ஒரே கூட்டாளியோடு போட்டிகளில் ஆடுபவர்கள் தலைகீழ் முறைக்கு மாறுவதே நல்லது என்பேன். ஓர் இனத்தில் கையிலுள்ள சீட்டுகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று காட்டும் எண்ணிக்கைக் குறிப்பும் மாறுமா என்பதை அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.