பழைய லேப்டாப்பில் வைஃபை போனால்: கார்டா, டாங்கிளா?

திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு பார்க்கும் என் லேப்டாப் 2013-இல் வாங்கியது. காலையில் வைஃபை வரும், சூடேறினால் போய்விடும். கடைசியில் புளூடூத்தும் சேர்ந்து காணாமல் போனது. இரண்டும் உள்ளே மாட்டியிருக்கும் ஒரே சின்ன கார்டில் இருப்பவை. கடைக்காரர், "கார்டு போச்சுங்ணா, டாங்கிள் வாங்கிச் சொருகிக்குங்க" என்றார். யுஎஸ்பி போர்ட்டில் சொருகும் குட்டி வைஃபை கருவிதான் டாங்கிள்.

காசு போடுமுன் பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி பூட் செய்து பார்த்தேன். அதில் வைஃபை ஓடினால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸ் டிரைவரில்தான் (கார்டை இயக்கும் மென்பொருள்). எனக்கு அதிலும் கார்டே தெரியவில்லை. அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் வாயில் பஞ்சு மெத்தை (ஊர் அப்படி!). பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சைத் துடைத்து, கார்டின் தங்கநிற முனைகளை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து மாட்டினேன். இரண்டு நாள் ஓடியது. அப்புறம் பழைய கதைதான்.

டாங்கிளில் பெரிய வசதி, எதையும் திறக்க வேண்டாம். ஆனால் நகம் அளவு டாங்கிளுக்குள் ஆன்டெனா எவ்வளவு இருந்துவிடும்? மலிவானவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் பிடிக்கும். பக்கத்து யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடினால் அந்த அலைவரிசையில் இரைச்சல் ஏறி வேகம் படுத்துவிடும். ஒரு முழ எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வைத்தால் சரியாகும். ஆனால் மடியில் வைத்து வேலை செய்ய முடியாது.

கார்டு மாற்றினால் திரையைச் சுற்றி ஏற்கெனவே ஓடும் ஆன்டெனா கிடைக்கிறது, அதனால் அடுத்த அறையிலும் சிக்னல் நிற்கும். என் மெஷினில் கார்டு சொருகும் இடம் பழைய வகையான மினி பிசிஐஇ ஸ்லாட். இன்டெல் ஏசி 7260 கார்டு அதற்கும் உண்டு, அடுத்து வந்த எம்.2 வடிவிலும் உண்டு; 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும், 867 எம்பிபிஎஸ் வரை. இன்டெலின் ஏஎக்ஸ்201 கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், அது புதிய இன்டெல் போர்டுகளுக்கு மட்டும். இன்னொரு கண்ணி: சில கம்பெனிகளின் லேப்டாப்பில், ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் லேப்டாப் பூட்டே ஆகாது. உங்கள் மாடலுக்கு அந்தத் தொல்லை இருந்தால் யோசிக்காமல் டாங்கிளுக்கே போங்கள்.

மேசையை விட்டு நகராத லேப்டாப் என்றால் இரண்டுமே தேவையில்லை, லேன் ஒயர் போதும். அவசரத்துக்கு, வைஃபையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி டெதரிங்கில் (போனின் இணையத்தை ஒயர் வழியே லேப்டாப்புக்குக் கொடுப்பது) இணைத்தாலும் ஓடும்.

நான் 7260 மாட்டினேன். ஆன்டெனாவின் இரண்டு ஒயர்களில் வெள்ளை சட்டென்று கார்டில் உட்கார்ந்தது. கறுப்பு மூன்று தடவை நழுவி, நகத்தால் நேராக அமுக்கியதும் 'டிக்' என்றது.