காலேஜ் ஃபீஸை யார் கட்டுவது, எப்போது கட்டுவது: ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி, அப்புறம் நாம்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சென்னையில் வீட்டுக்கு வீடு இரண்டு பேச்சு ஓடும். "ஜெர்மனியில ஃபீஸே கிடையாதாம்" என்பது ஒன்று. "பேங்க்ல லோன் போட்டுக்கலாம், வேலைக்குப் போனதும் அவனே கட்டிடுவான்" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதிதான் உண்மை. கல்லூரிச் செலவை மாணவன் கட்டுவதா, அரசு கட்டுவதா, இப்போதே கட்டுவதா, சம்பாதித்த பிறகா என்று பல நாடுகள் கடந்த ஐம்பது வருடத்தில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு எது ஒத்துவரும் என்று ஓரளவு தெளிவாகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வங்கிக் கடன், மாதத் தவணை என்ற நம்முடைய வழிதான் ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு மிக மோசமானது. ஆஸ்திரேலியா பணத்தைத் திரும்ப வாங்கும் முறையும், சிலி கட்டணத்துக்குக் கடிவாளம் போட்ட முறையும் சேர்ந்தால் நமக்கு நன்றாகப் பொருந்தும்.

முதலில் ஜெர்மனி. அங்கேயும் கட்டணம் வந்து போன கதை ஒன்று இருக்கிறது. கட்டணம் கூடாது என்று மத்திய அரசு போட்ட சட்டத்தை 2005 ஜனவரியில் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல, சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வாங்க ஆரம்பித்தன. மாணவர்கள் விடவில்லை, வாக்காளர்களும் விடவில்லை. ஒவ்வொரு மாநிலமாகப் பின்வாங்கி, கடைசியாக லோயர் சாக்ஸனி 2014இல் கைவிட்டது. அதாவது இலவசம் என்பது அங்கே யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை, தேர்தலில் போராடி மீட்டது.

ஆனால் இங்கிருந்து போகிற பிள்ளைக்கு அந்த இலவசம் எவ்வளவு மிஞ்சும்? விசாவுக்கு ஒரு வருடச் செலவை, மாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க விடும் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ, நம் கணக்குக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017இலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் கொண்டுவந்துவிட்டது. இதற்கெல்லாம் மேலாக எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. பெரும்பாலான ஜெர்மன் மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே, அதாவது பத்து வயதில், எந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகும் பள்ளியில் சேரும், எது தொழிற்பயிற்சிப் பக்கம் போகும் என்று கிட்டத்தட்டத் தீர்மானமாகிவிடும். பிறகு மாறலாம், வழி இருக்கிறது, ஆனால் சுலபமில்லை. தொழிற்பயிற்சிக்கு அங்கே நல்ல மரியாதையும் சம்பளமும் இருப்பதால் அந்தச் சமூகம் அதைத் தாங்குகிறது. இங்கே அப்படி ஒரு பிரிவினை வந்தால் பத்து வயதில் யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே அந்தக் கல்லூரி இலவசத்தை மட்டும் பார்த்து ஆசைப்படலாம், முழு ஏற்பாட்டையும் வேண்டாம் என்பேன்.

இங்கிலாந்து நேர் எதிர்த் திசையில் போனது. 1998 வரை உள்நாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த வருடம் 1,000 பவுண்டு வந்தது, 2006இல் உச்சவரம்பு 3,000 ஆனது, 2012இல் ஒரே தாவலில் 9,000. அந்த மூன்று மடங்கு உயர்வுக்கு 2010 டிசம்பரில் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டபோது லண்டன் தெருக்கள் மாணவர்களால் நிறைந்திருந்தன. 2025இல் அது 9,535 பவுண்டு ஆனது. கையிலிருந்து யாரும் கட்ட வேண்டியதில்லை, அரசுக் கடன்தான். 2023 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்கள் வருடம் 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால், அந்த மேலே வருகிற தொகையில் 9 சதவீதம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், 40 வருடம் கழித்து மிச்சமிருந்தால் தள்ளுபடி. இருபத்தோரு வயதில் ஆரம்பித்து அறுபது தாண்டும்வரை ஒரு பிடித்தம்! சரி, இவ்வளவு வாங்கியும் பல்கலைக்கழகங்களாவது செழித்தனவா என்றால் அதுவும் இல்லை. 2017இலிருந்து கட்டணம் உறைந்து கிடக்க, விலைவாசி ஏற, வெளிநாட்டு மாணவர்களின் பணத்தை நம்பி ஓட்டினார்கள். 2024 ஜனவரியில் முதுகலை மாணவர்கள் பெரும்பாலோர் குடும்பத்தை அழைத்துவரக் கூடாது என்று விசா விதியை இறுக்கியதும் அந்த வரவும் ஆட்டம் கண்டு, பல இடங்களில் ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பக்கத்திலேயே ஸ்காட்லாந்து, அதே தீவில், தன் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் செலவைக் கட்டுக்குள் வைக்க உள்ளூர் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இலவசம் என்றால் இடம் குறையலாம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கிலாந்துக்கு முன்பே இந்த முறையை யோசித்துச் செய்தது அவர்கள்தான். 1974இல் பிரதமர் விட்லமின் அரசு கட்டணத்தை அறவே எடுத்தது. 1989இல் ஹாக் அரசு வேறு மாதிரி திரும்பக் கொண்டுவந்தது. பொருளாதார அறிஞர் புரூஸ் சாப்மன் வடிவமைத்த திட்டம் அது, ஹெக்ஸ் என்று சொல்வார்கள். அப்போது எல்லாப் படிப்புக்கும் ஒரே தொகை, வருடம் 1,800 ஆஸ்திரேலிய டாலர். சேரும்போது கட்ட வேண்டாம். வங்கிக்குப் போக வேண்டாம், ஜாமீன் வேண்டாம், அப்பா கையெழுத்து வேண்டாம். வேலைக்குப் போய் ஒரு அளவுக்கு மேல் சம்பாதித்தால் வரித்துறையே சம்பளத்தோடு பிடித்துக்கொள்ளும். வேலை போய்விட்டதா, குழந்தைக்காக வீட்டில் இருக்கிறீர்களா, அந்த வருடம் கட்ட ஒன்றுமில்லை. இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி அம்சம்தான். கடன் இருக்கிறது, ஆனால் கடன்காரன் வாசலில் நிற்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. வட்டி இல்லையென்றாலும் விலைவாசிக்கு ஏற்பக் கடன் ஏறும். 2023இல் ஒரே வருடத்தில் 7.1 சதவீதம் ஏறியதும் நாடே கொதித்தது. 2021இல் வந்த மாற்றத்தில் வரலாறு போன்ற கலைப் படிப்புகளின் கட்டணத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றி, செவிலியர், ஆசிரியர் படிப்புகளுக்குக் குறைத்தார்கள், பிள்ளைகளை 'வேலை கிடைக்கும்' படிப்புக்குத் தள்ளுவதாக நினைத்து. பதினெட்டு வயதில் வரலாறு படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு அபராதம் போடுவது என்ன நியாயம்? நல்லவேளை, திருத்திக்கொள்ளவும் செய்தார்கள். 2025இல் எல்லோருடைய கடனிலும் 20 சதவீதத்தைக் குறைத்தார்கள், திருப்பிக் கட்டத் தொடங்கும் வருமானத்தை 67,000 டாலராக உயர்த்தினார்கள், அதற்கு மேல் வருகிற தொகையில் மட்டும்தான் பிடித்தம். வெளிநாட்டுக்குப் போய்விட்டாலும் வருமானத்தைக் காட்டிக் கட்ட வேண்டும் என்று 2017இலிருந்து விதி இருக்கிறது. அமெரிக்காவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் நம் ஊருக்கு இந்த விதி முக்கியமானது.

சிலியின் கதைதான் நமக்கு மிக நெருக்கம். சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில், 1981இல், உயர்கல்வியைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். ஊரெல்லாம் தனியார் பல்கலைக்கழகம். 2005இல் அரசு உத்தரவாதத்தோடு வங்கிக் கடன் என்று ஒரு திட்டம் வந்தது. வட்டி 6 சதவீதம் பக்கம், லாபம் வங்கிக்கு, நஷ்டம் வந்தால் அரசு தலையில். படிப்பை முடிக்காமலே கடனோடு வெளியே வந்த பிள்ளைகள் ஏராளம். 2011இல் அது வெடித்தது. மாதக்கணக்கில் மறியல், ஊர்வலம். கமிலா வயேகோ, கேப்ரியல் போரிச் போன்ற மாணவர் தலைவர்கள் அங்கேதான் உருவானார்கள், போரிச் 2022இல் அந்த நாட்டின் அதிபராகவே ஆனார். போராட்டத்துக்குப் பலன் இருந்தது: 2012இல் வட்டி 2 சதவீதமாக இறங்கியது, 2016இலிருந்து வருமானத்தில் கீழே இருக்கிற 50 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசம், பிறகு அது 60 சதவீதம் ஆனது.

கவனிக்க வேண்டிய இடம் இது: இத்திட்டத்தில் சேரும் கல்லூரி, அரசு நிர்ணயித்த தொகையைத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும், இலவச மாணவரிடம் தனியாக மேலே வாங்கக் கூடாது. கையில் வருவது போதவில்லை என்று பல்கலைக்கழகங்கள் புலம்பின, இன்னும் புலம்புகின்றன. இலவசம் படிப்பின் அதிகாரபூர்வக் காலத்துக்குத்தான், அரியர் விழுந்து ஒரு வருடம் இழுத்தால் மாணவன் தலையில் விழும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற ஏழைப் பிள்ளைக்குத்தான் படிப்பு இழுக்கும், அதனால் இந்த விதி எனக்கு ஒப்பவில்லை.

அமெரிக்காவை நீட்ட வேண்டியதில்லை. மாணவர் கடன் 1.7 டிரில்லியன் டாலர் பக்கம், தள்ளுபடி செய்யப் பார்த்த பைடன் அரசின் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தடுத்துவிட்டது. பார்த்துப் பயப்பட வேண்டிய பக்கம் அது.

இப்போது நம் பக்கம். கதவைத் திறந்துவிடுவதில் தமிழ்நாடு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறது, இதை நான் பெருமையாகவே சொல்வேன். 2021-22 கணக்கில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்தியா முழுக்க 28.4 சதவீதம், இங்கே 47. பொறியியல் நுழைவுத் தேர்வை 2007இல் எடுத்தோம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பது, 2022இலிருந்து புதுமைப் பெண், 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலோ பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலோ படிக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த ஆயிரம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும்.

உள்ளே போனால்தான் சிக்கல். அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்க, ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் வகுப்பை ஓட்டுகிறார்கள். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை 424 கோடி பாக்கி என்று முடக்கியது. துணைவேந்தர் நாற்காலியோ 2023 ஆகஸ்டிலிருந்து நீண்ட காலம் காலி. தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியதை 2024 ஜூலையில் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நம் ஆட்கள் கடன் வாங்கிக் கொட்டுகிறார்கள்.

அந்தக் கடனைப் பாருங்கள். 4 லட்சம், 10 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதம் சுமார் 5,300 ரூபாய். படிக்கும்போது ஏறிய வட்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை ஆரம்பித்துவிடும், பையனுக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. என் தம்பிக்கு முதல் வேலையில் 15,000 சம்பளம், அதுவும் தாமதமாகத்தான் கிடைத்தது. அதற்குள் வங்கியிலிருந்து தினமும் அப்பாவுக்குப் போன், "உங்க கையெழுத்தும் இருக்கு சார், உங்க சிபிலும் போயிடும்" என்று. பிள்ளையைப் படிக்கவைத்ததற்கு ஒரு மனிதர் அந்த வயதில் கூனிக் குறுக வேண்டுமா? ஆஸ்திரேலிய முறையை இங்கே வைத்துக் கணக்குப் போட்டால், மாதம் 25,000க்கு மேல் வருகிற தொகையில் பத்து சதவீதம் என்று வையுங்கள், என் தம்பி அப்போது கட்ட வேண்டியது பூஜ்ஜியம். சம்பளம் 40,000 ஆனால் 1,500. அரசுக்குப் பணம் மெதுவாகத்தான் வரும், சிலரிடமிருந்து வரவே வராது, உண்மைதான். இங்கே பெரும்பாலோர் வரிக் கணக்குக்கே வெளியில் இருக்கிறார்கள், எப்படிப் பிடிப்பது என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களிடம் பிஎஃப் பிடிக்கிற வழியிலேயே பிடிக்கலாம், பட்டியலில் இல்லாத அளவுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவரிடம் எப்படியும் வாங்கக் கூடாது என்பதுதானே திட்டம்.

இதைத் தனியாகச் செய்தாலும் ஆபத்து: கடன் சுலபமானால் கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றும், இங்கிலாந்தில் கிட்டத்தட்ட எல்லாப் பல்கலைக்கழகங்களும் உச்சவரம்பையே தொட்டன. ஆகவே சிலி மாதிரி, அரசுப் பணமோ அரசுக் கடனோ தொடுகிற கல்லூரி அரசு சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வேறு பெயரில் வாங்கக் கூடாது, வகுப்பில் நிற்கிற ஆசிரியர் பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும்.

அதுவரை, இந்த வருஷம் விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு: அரசுக் கல்லூரி, அப்புறம் அரசு உதவி பெறும் கல்லூரி, அப்புறம் கவுன்சலிங் இடம் என்ற வரிசையிலேயே போங்கள், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கடன் வாங்காதீர்கள். முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவையில் முன்கூட்டியே போட்டுவையுங்கள். வீட்டு வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் கால வட்டியை மத்திய அரசு ஏற்கிற மானியத் திட்டம் இருக்கிறது, எல்லாப் படிப்புக்கும் எல்லாக் கல்லூரிக்கும் இல்லை, வங்கியாகச் சொல்லும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்பதை, கையெழுத்துப் போடுவதற்கு முன் கடன் கடிதத்தில் தேடிப் படித்துவிடுங்கள்.