பாலூ தம்பி 2: குண்டு எழுத்தோடு பல வருடக் குடித்தனம்

உணவங்காடி நிலையத்தில் புதிதாகக் கடை எடுத்திருக்கும் தோழி, "பெயர்ப்பலகைக்குப் பாலூ தம்பி போடலாமா அக்கா?" என்று கேட்டாள். தாராளமாகப் போடு என்றேன். பலகைக்கு அதைவிடத் தோதான தமிழ் எழுத்துரு எனக்குத் தெரியாது. உணவுப் பட்டியலுக்கும் அதையே போடப் போகிறாள் என்றதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

துணைப்பாட நிலையம் ஒன்றுக்குப் பயிற்சித்தாள், சொல்லட்டை, விளம்பரத்தாள் எல்லாம் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. முக்கால்வாசி இந்த எழுத்துருவில்தான். மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் செய்தது, இலவசம், கூகுளின் எழுத்துருத் தளமான கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். முதலில் ஒரே தடிமனில் வந்தது. இப்போதைய 'தம்பி 2'இல் 5 தடிமன்கள். அண்ணன் தம்பிகளாக மற்ற இந்திய எழுத்துகளுக்கும் தனித்தனியே உண்டு.

இதன் குணம் சொல்லட்டையில்தான் முழுதாகத் தெரியும். தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளை அட்டையில் உள்ள ழ-வை விரலால் தடவும்போது, விரல் கோட்டைவிட்டு வெளியே போகாது. கோடு அத்தனை அகலம். முனைகள் மழுங்கியிருப்பதால் எழுத்து மிரட்டுவதில்லை. தமிழ் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளும் இந்த அட்டைகளைக் கையில் எடுக்கிறார்கள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இன்னொன்று, ஆங்கிலமும் மலாயும் அதே கோப்பிலேயே இருக்கின்றன, அதே உடல்வாகில். சிங்கப்பூரில் நான்கு மொழி அறிவிப்புகளின் கடைசி வரியில் தமிழ் மட்டும் ஒல்லியாக, ஒட்டுப்போட்டதுபோல நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இதில் மூன்று மொழிகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சீனத்துக்கு வேறு தேட வேண்டும்; அதை இதன் குறையாகச் சொல்ல மாட்டேன்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். வரி இடைவெளி! ஒவ்வொரு வரிக்கும் எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் உயரத்தைப் பிடித்துக்கொள்கிறது. தமிழில் மேலே 'மி', 'மீ' போன்றவற்றின் மேல்விலங்கும் சுழியும், மெய்யெழுத்தின் புள்ளியும், கீழே 'பு' போன்றவற்றின் இறங்கு கீற்றும் இருப்பதால் இடம் வேண்டும்தான். ஆனால் பக்கத்தில் சீன வரிகள் நெருக்கமாக உட்கார்ந்திருக்க, தமிழ் மட்டும் தள்ளித் தள்ளி நிற்கும். கையால் இறுக்கினால் அடுத்த வம்பு. மேல்வரியில் 'புளிக்குழம்பு', கீழ்வரியில் 'மீன் வறுவல்' என்று வைத்துப் பாருங்கள். பு-வின் கீற்று நேராக வந்து மீ-யின் சுழியில் இடிக்கும். தடித்த எழுத்து என்பதால் இரண்டும் ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு வரியாக ஏற்றி இறக்க வேண்டியதுதான். அகலமும் அதிகம், 'நூல்நிலையம்' போன்ற சொல் அட்டையைத் தாண்டி ஓடும். இது தலைப்புக்கென்று வரைந்த எழுத்து, பத்தி எழுதுவதற்கல்ல என்பது தெரியாமலில்லை. ஆனால் 5 தடிமன்களில் மெலிந்ததும் இருக்கும்போது, பத்தியில் போட்டுப் பார்க்க யாருக்குத்தான் கை வராது?

ஏப்ரல் தமிழ்மொழி விழாவை ஒட்டி எங்கள் நிலையம் நடத்தும் நிகழ்ச்சிக்கான விளம்பரத்தாளை நேற்று ராத்திரி முழுக்க இப்படி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் மொத்தத்தையும் முக்தா மலர் என்ற எழுத்துருவுக்கு மாற்றினேன். அதுவும் ஏக் டைப்பினுடையதுதான், 7 தடிமன்கள், பத்தி வேலைக்கு அடக்கமாக உட்காரும். தோழிக்கும் பட்டியலுக்கு அதையே சொல்லிவிட்டேன்.

மதிப்பெண் கேட்டால் பாலூ தம்பிக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன். ஆனாலும் இன்று காலையில் அதைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டேன். பழைய சொல்லட்டைக் கோப்புகளைத் திறந்தால் எழுத்துரு இல்லை என்று எச்சரிக்கை வரும். வரட்டும், விழா முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.