திருப்பி மொழிபெயர்ப்பதா, சமத்துவச் சோதனையா?

சேலத்தில் உளவியல் படிக்கும் பிள்ளைகள் ஆய்வேடு நேரத்தில் என்னைக் கேட்பது இதுதான்: மனக்காய வினாத்தாளைத் தமிழாக்கிவிட்டோம். அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்த்தால் போதாதா? சமத்துவச் சோதனையும், அதாவது இரு மொழிக்காரரிடமும் வினாத்தாள் ஒன்றையே ஒரே மாதிரி அளக்கிறதா என்று பார்ப்பதும், வேண்டுமா?

மனக்காயத்துக்குப் பிந்தைய மன அழுத்த (PTSD) அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்-5 வினாத்தாளையே எடுத்துக்கொள்வோம். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்.

செலவு
திருப்பி மொழிபெயர்த்தல்: இருமொழி அறிந்த இருவர், சில நாட்கள்.
சமத்துவச் சோதனை: ஒவ்வொரு மொழிக்குழுவிலும் சில நூறு பேர். ஏற்காடு மலையேற பஸ் கட்டணம் தனி.

எதைப் பிடிக்கும்?
முன்னது சொற்பிழையைப் பிடிக்கும். பொருள் வழுக்குவதைக் கோட்டைவிடும். ஏற்காட்டு காப்பித் தோட்டத்தில் ஓர் அம்மாவிடம், "மற்றவர்களிடமிருந்து விலகி இருப்பதாக உணர்கிறீர்களா?" என்று படித்தேன். "ஆமாம் கண்ணு, பக்கத்து வீடே அரை மைல்" என்றார். கையைக் காட்டித் திசையும் சொன்னார். மதிப்பெண் 4! அந்த வரி ஆங்கிலத்துக்குப் பழுதில்லாமல் திரும்பிய வரிதான்.
பின்னது, ஒரே அளவு வேதனை உள்ள இருவர் மொழி மாறினாலும் ஒரே மதிப்பெண் இடுகிறார்களா என்று பார்க்கும். எந்தக் கேள்வி பிசகுகிறது என்று காட்டும். ஏன் என்று சொல்லாது. அதற்கு அந்த அம்மாவிடம்தான் போக வேண்டும்.

தமிழ்க் குழுவுக்குள் மட்டும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் என்பதுபோல, ஒப்பிடுகிறவர்கள், திருப்பி மொழிபெயர்த்து, பத்துப் பேரிடம் வாய்விட்டுப் படித்துப் பொருள் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். தமிழர் சராசரியை ஆங்கிலம் பேசுவோர் சராசரியோடு ஒப்பிடப் போகிறவர்களுக்குச் சோதனையிலிருந்து தப்ப வழியில்லை.