நீண்டகால ஒப்பந்தமா, மின்சந்தையா?

மின் விநியோக நிறுவனத்துக்கு மின்சாரக் கொள்முதல் திட்டமிடுபவர்கள் திணறும் இடம் இது: மின்நிலையத்தோடு பல ஆண்டு ஒப்பந்தம் போடுவதா, மின்சாரம் ஏலத்தில் விற்கும் மின்சந்தையில் அவ்வப்போது வாங்குவதா?

செலவு: அனல்மின் ஒப்பந்தம் என்றால், மின்சாரம் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு. சந்தையில் வாங்கியதற்கு மட்டுமே பணம்.

விலை ஆபத்து: ஒப்பந்தத்தில் குறைவு. இந்திய மின்சந்தையிலோ 15 நிமிடத்துக்கு ஒரு விலை. சூரிய மின்சாரம் பெருகும் மதியத்தில் மலிவு. மாலையில் சிலநாள், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று 2023இல் குறைக்கப்பட்ட உச்சவரம்பையே தொட்டுவிடும். அப்புறம், அந்த விலைக்கும் கேட்ட அளவு கிடைக்காத நேரமும் உண்டு.

சராசரி விலையை மட்டும் பார்த்தால் சந்தை மலிவாகத் தெரியலாம். அதை நம்பாதீர்கள். காற்று ஓய்ந்த நாள், கடும் வெயில் நாள் என நூற்றுக்கணக்கான சூழல்களைக் கணினியில் ஓட்டி, அவற்றில் செலவு மிக அதிகமான 5 சதவீதச் சூழல்களின் சராசரிச் செலவையும் பாருங்கள்.

அன்றாட அடிப்படைத் தேவைக்கு ஒப்பந்தம் சரி. தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை உற்பத்தி ஏறி இறங்குவதைச் சமாளிக்கச் சந்தை.